மாடி அறையில் ஆறு புதன்கிழமைகள்

ஞாயிற்றுக்கிழமை, காலை

என் மனைவிக்கு,

இங்கு நலம். நீயும் குட்டியும் அங்கு நலமாகத்தான் இருப்பீர்கள். உன் அக்கா வீட்டில் நலத்துக்கு என்ன குறைச்சல்! தொலைபேசி வேண்டாம், எழுதச் சொல்லுங்க, எழுத்து சத்தம் போடாது என்று சகலையிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். அதனால் எழுதுகிறேன். பதினெட்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனைவிக்கு விடுப்பு விண்ணப்பம்போலக் கிழமை போட்டு எழுதும் நிலை எனக்கு.

சகலை கொண்டுவந்த படிவம் கிடைத்தது. மனிதர் வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றதற்கு, "இல்ல சகலை, வண்டி குறுக்க நிக்குது, எடுக்கணும்" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி ஓரமாகத்தான் நின்றது. நான் காரைப் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்ததைப் பதினோரு வருடமாகச் சொல்லிச் சிரிக்கிறவர் இவர். இவர் கையில்தான் என் மகளைப் பள்ளியிலிருந்து விடுவிக்கும் படிவத்தைக் கொடுத்தனுப்ப வேண்டுமா?

தகப்பன் கையெழுத்து இல்லாமல் அந்தப் பள்ளி அவளை விடாது, அங்கே உள்ள பள்ளி சேர்க்காது என்பது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். கையெழுத்துப் போடுவதாக இல்லை.

ஒன்றை நினைத்துப் பார். உன்மேலோ குட்டிமேலோ இந்தக் கை ஒருநாளும் பட்டதில்லை. நீ வீட்டை விட்டுப் போனது ஒரு டப்பா மூடிக்காக. சர்க்கரை டப்பாவை மூடாமல் வைத்தது யார் என்று கேட்டேன். கொஞ்சம் உரக்கக் கேட்டிருக்கலாம், கொஞ்சம் நேரமும் ஆகியிருக்கலாம். மறுநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. சர்க்கரை டப்பா மட்டும் இறுக மூடியிருந்தது.

என் பக்கத்தை யாரும் கேட்பதில்லை. நான் கையைப் பிடித்துத் தராசு பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் இன்று ஆய்வகத்தில் எனக்கு மேலாளர். தராசைச் சரிபார்க்கும் நிலையெடைக் கல்லை வெறுங்கையால் தொடக்கூடாது, விரல் ஈரம் பட்டாலே எடை மாறும், கையுறை போட்டு இடுக்கியால்தான் எடுக்கவேண்டும் என்று அவனுக்குச் சொன்னதே நான். இப்போது காலையில் என் மேசைக்கு வந்து, "சார், கல்லைக் கையால எடுத்துடலையே?" என்று சிரிக்கிறான். என் அண்ணன், ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் என்னைப் படிச்ச முட்டாள் என்றான். இருபத்திரண்டு வருடமாகிறது. அவன் மறந்திருப்பான். சொன்னவர்கள் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், கேட்டவன்தான் வைத்துக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் நீ கேட்டதற்காகத் தேடினேன். கோபத்தைக் கட்டுப்படுத்த உதவும் குழு பக்கத்தில் எங்காவது இருக்கும், சேருங்க, விடாம போங்க, அப்புறம் யோசிக்கிறேன் என்று படிவத்தோடு வைத்த சீட்டில் எழுதியிருந்தாய். மருத்துவமனையில் மூன்று எண்கள் கொடுத்தார்கள். ஒன்று மூச்சை இழுத்து விடச் சொல்லும் வகுப்பு. மூச்சு எனக்கு ஒழுங்காகத்தான் வருகிறது. இரண்டாவது குழு போன வருடமே கலைந்துவிட்டதாம். ஏன் என்று கேட்டேன். "தலைவருக்கும் செயலாளருக்கும் கைகலப்பு ஆயிடுச்சு சார்" என்றார் எதிர்முனையில் இருந்தவர். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். மூன்றாவது, ஆய்வகத்துக்கு இரண்டு தெரு தள்ளிப் பழைய நூலகக் கட்டிடத்தில். புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு. வரும் புதன் போகிறேன்.

நீ கேட்டதை நான் செய்கிறேன். பள்ளி திறப்பதற்குள் நீங்கள் இங்கே வந்துவிட வேண்டும். குட்டியின் மிதிவண்டிக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் கணவன்


வியாழக்கிழமை, மாலை

அன்புள்ள மனைவிக்கு,

நலம். உன் இரண்டு வரிக் கடிதம் வந்தது. போக ஆரம்பிச்சீங்களா, எப்படி இருக்கு என்று கேட்டிருக்கிறாய். நாலு புதன்கிழமை போயாகிவிட்டது. ஒருநாள்கூடத் தாமதமாகப் போகவில்லை.

இரும்பு மடக்கு நாற்காலி பன்னிரண்டு. அதில் ஒன்று உட்கார்ந்தாலே கத்தும். நடத்துகிறவர் ஒரு பல் மருத்துவர், ஐம்பது வயதுப் பெண்மணி. முதல் நாள் நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து, "பகல் பூரா வாயத் திறங்கன்னு கெஞ்சிட்டு வரேன், இங்கயும் அதே வேலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்கூட அங்கே சன்னமாகத்தான் வருகிறது. நீ கற்பனை செய்துவைத்திருக்கும் முரட்டு ஆட்கள் யாரும் இல்லை. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், மருத்துவமனைத் தாதி ஒரு பெண், கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்தே வரும் தையல்கார அம்மா, இப்படிச் சிலர். மற்றவர்கள் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது அங்கே விதி. ஆகவே அவர்கள் கதையை எழுதமாட்டேன்.

என்னுடையதை எழுதலாம். இரண்டாவது வாரம் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் மாடிப்படி ஏறும் சத்தத்தை வைத்தே அண்ணனும் நானும் அன்றைய நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்வது, மதிப்பெண் அட்டையைச் சுருட்டி அதனாலேயே முகத்தில் அடிப்பது, தட்டோடு சோறு சுவரில் போய் ஒட்டியது எல்லாம். உனக்கு இதில் பாதிகூடத் தெரியாது. மூன்றாவது வாரம் அண்ணன். நாலாவது வாரம் மேலாளர். நான் சொல்லி முடித்ததும் அந்தத் தாதிப் பெண் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தபால்காரர், "தம்பி, நீங்க ரொம்பச் சுமந்திருக்கீங்க" என்றார். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை.

பலன் தெரிகிறது. போன வாரம் மேலாளர் என் அறிக்கையைத் திருப்பி அனுப்பினான். ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரர், "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

படிவத்தை மறுபடி கேட்டிருக்கிறாய். எதற்கு? நீ சொன்ன நிபந்தனையை நான் நிறைவேற்றியிருக்கிறேன். இனி உன் முறை. பள்ளி திறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. குட்டியின் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன். அவள் சுவரில் ஒட்டிய படங்கள் எதையும் எடுக்கவில்லை.

வருவதாக ஒரு வரி எழுது. அது போதும்.

இப்படிக்கு,
உன் கணவன்


சனிக்கிழமை, காலை

என் அன்பு மனைவிக்கு,

பயணச்சீட்டை ரத்து செய்துவிடு. காரணத்தைக் கீழே எழுதுகிறேன். முழுதும் படிப்பதற்குள் நேரம் போய்விடும் என்றால் முதலில் ரத்து செய்துவிட்டு வந்து படி.

உன் கடிதம் மூன்று நாளாக என் சட்டைப் பையில் இருக்கிறது. பன்னிரண்டாம் தேதிக்கு இரண்டு பேருக்கும் இடம் பதிந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். குட்டி உன்னிடம், "அப்பா நெஜமாவே போறாராம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள், ஆமாம் என்றதும் பையை எடுத்து வைத்தாள் என்றும் எழுதியிருக்கிறாய். அவள் இரண்டாவது தடவை கேட்டதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

அந்த நூலகக் கட்டிடத்தில் புதன்கிழமை மாலை இரண்டு குழு கூடுகிறது. முதல் நாள் வாசல் மேசையில் இருந்தவர் என்னைக் கேட்டார்: "எந்தக் குழு சார்? கீழ இருக்கறது கோபப்படுறவங்களுக்கு. மாடியில இருக்கறது அவங்களோட வாழுறவங்களுக்கு." நான் யோசிக்கவே இல்லை. மாடி என்றேன். தயங்கிப் பொய் சொல்லியிருந்தால்கூட மன்னிக்கலாம். அப்பா, அண்ணன், மேலாளர் என்று இத்தனை பேர் கோபத்தைத் தாங்கியவனுக்கு வேறெந்த அறையில் இடம் என்று உண்மையாகவே நம்பிப் படியேறினேன்.

அது நீ சொன்ன குழு அல்ல என்று உனக்கு எழுதும்போது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. குழுவுக்குப் போகிறேன் என்று எழுதினேன். எந்தக் குழு என்று எழுதவில்லை. ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கும்படி பொய் சொல்ல எனக்கு வரும் என்பது உனக்குப் புதிதல்ல.

ஆறாவது புதன்கிழமை கூட்டம் முடிந்து இறங்கும்போது, படிக்கட்டுத் திருப்பத்தில் தையல்கார அம்மா என்னை நிறுத்தினார். "சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றார். சொல்லுங்கள் என்றேன்.

"ஆறு வாரமா பாக்குறேன். நாங்க எல்லாரும் கதவு தெரியற மாதிரிதான் நாற்காலி போட்டுக்குவோம். யாரும் சொல்லிக் கொடுக்கல, பழக்கம். யாரு வர்றா, என்ன முகத்தோட வர்றான்னு பாக்கணும்ல. நீங்க ஒருத்தர்தான் கதவுக்கு முதுகக் காட்டிட்டு நிம்மதியா உக்காந்திருக்கீங்க" என்றார். பிறகு கேட்டார்: "உங்க அப்பா செத்து எத்தன வருஷம் சார் ஆச்சு?" இருபத்தாறு என்றேன். "அப்ப இன்னிக்கு உங்க வீட்டுல யாரு யாருக்குப் பயந்துட்டு இருக்காங்க?"

அவர் குத்திக்காட்டும் குரலில் கேட்கவில்லை. துணி அளவு கேட்பதுபோலக் கேட்டார். நான் கத்த ஆரம்பித்தேன்.

என்னவெல்லாம் சொன்னேன் என்று முழுதும் நினைவில்லை. நான் என்ன படித்திருக்கிறேன் தெரியுமா என்று கேட்டது நினைவிருக்கிறது. சட்டை தைக்கிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்றதும் நினைவிருக்கிறது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அவர் கண் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு அந்தப் பக்கம், கீழே போகும் படிகளைப் பார்த்தது. என்னைத் தாண்டி இறங்க இடம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "சரிங்க சார். என் தப்புதான் சார். மன்னிச்சிருங்க" என்றார்.

அந்த ‘சரிங்க’ என் காதுக்குப் பழக்கமானது. நீ சொல்வது. அதே தணிவு, அதே வேகம். பதினெட்டு வருடமாக அதை உன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

தபால்காரர் மேலேயிருந்து இறங்கி வந்து எங்கள் நடுவில் நின்றார். எழுபது வயது. "தம்பி, அந்தம்மாவ விடுங்க. வேணும்னா என்னைத் திட்டுங்க, எனக்குப் பழக்கம்தான்" என்றார். என் கதையைக் கேட்டு, ரொம்பச் சுமந்திருக்கீங்க என்று சொன்ன அதே மனிதர்.

மறுநாள் பல் மருத்துவர் கூப்பிட்டார். "நீங்க இனி மாடிக்கு வரக்கூடாது. வெறுப்புல சொல்லல. அவங்களுக்குன்னு இருக்கறது அந்த ஒரு ரூம்தான். அங்கயும் நீங்க வந்துட்டா அவங்க எங்க போவாங்க?" என்றார். அந்த அம்மா அடுத்த புதன்கிழமையும் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை என்று வாசல் மேசைக்காரர் சொன்னார். மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிப் பல் மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். "உங்க மனசு லேசாகறதுக்கு அவங்க இன்னொரு தடவ உங்களப் படிக்கணுமா?" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையைப் பார்த்தேன். நீ எப்போதும் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து வாசல் கதவு நேராகத் தெரிகிறது. எதிரே மனுஷன் இருக்கேன், வாசலையே பாத்துட்டு என்ன சாப்பாடு என்று உன்னிடம் எத்தனை தடவை எரிந்து விழுந்திருப்பேன். வெளியிலிருந்து யாரும் வருவதை எதிர்பார்த்து நீ பார்க்கவில்லை. நீ பயப்பட வேண்டியவன் உள்ளேதான் இருந்தேன். குட்டியின் நாற்காலி உன் நாற்காலியைவிடக் கதவுக்கு இரண்டடி பக்கத்தில் இருக்கிறது. அதை அங்கே நகர்த்திப் போட்டது நீயா, அவளேவா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கீழ் அறைக்குப் போகிறேன். இரண்டு புதன்கிழமைதான் ஆகியிருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. நடத்துகிறவர் ஒரு லாரி ஓட்டுநர், பெரிய உருவம். எல்லோரும் அவரைக் குக்கர் என்கிறார்கள். "மூணு விசில் வரைக்கும் தாங்குவேன், அப்புறம் யாரும் பக்கத்துல நிக்க முடியாது. அதனால மனைவி பத்து வருஷமா பக்கத்துல இல்ல" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அங்கே ஒரு கட்டுப்பாடு. ஏன் செய்தேன் என்று சொல்லக்கூடாது. நான் ஆரம்பித்ததுமே கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். "ஏன்னு சொல்ல உங்களுக்கு வீட்டுல வருஷக்கணக்கா நேரம் இருந்துச்சு சார். இங்க, என்ன செஞ்சீங்க? அது மட்டும்."

நெடுஞ்சாலையைச் சொன்னேன்.

நாலு வருடத்துக்கு முன்பு உன் அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது, வழி தப்பிட்டோம்னு நினைக்கிறேன் என்று நீ சொன்னாய். நான் காரை நிறுத்தி உன்னை இறங்கச் சொன்னேன். மழை பெய்துகொண்டிருந்தது. நீ இறங்கினாய். நான் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். குட்டி பின் இருக்கையில் இருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். நீ அங்கே இல்லை.

குக்கர் கேட்டார், "பாப்பா பின்னாடி என்ன செஞ்சுச்சு?" எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. சத்தமே இல்லை என்றேன். "ஒம்பது வயசுப் புள்ள அம்மாவ மழையில விட்டுட்டு வரும்போது அழாம இருக்குன்னா, அது அதுக்கு முன்னாடியே கத்துக்கிச்சு சார்" என்றார். பிறகு, "வீட்டம்மா எப்படி வீடு வந்து சேர்ந்தாங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. எங்களுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்து நனைந்த துணியோடு நீ வந்தாய். யார் உன்னை ஏற்றிக்கொண்டார்கள், எவ்வளவு தூரம் நடந்தாய் என்று நான் கேட்கவில்லை. நான் திரும்பி வந்தபோது நீ அதே இடத்தில் நிற்கவில்லை என்பதற்காக எட்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். இந்த நாலு வருடத்தில் ஒருநாள்கூட அதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பதில் வேண்டி இப்போதும் இதை எழுதவில்லை. சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்றுக்கூட மேலாளர் சிரித்தபோது கையில் இருந்த இடுக்கியை மேசையில் ஓங்கி வைத்தேன். அண்ணனை இன்னும் மன்னிக்கவில்லை. இதை எழுதும்போதே, நீ முன்பே சொல்லியிருக்கலாமே என்று உன்மேல் ஒரு கோபம் எழுந்து வருகிறது. நீ சொல்லியிருக்கிறாய் என்பதும் தெரிகிறது. இப்படிப்பட்டவன் இருக்கும் வீட்டுக்குப் பன்னிரண்டாம் தேதி குட்டியைக் கூட்டிக்கொண்டு வராதே.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பள்ளிக்கும் நேரில் போய், தடையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நிபந்தனை எதுவும் இல்லை.

இன்னும் ஆறு மாதத்தில், சரியாகிவிட்டேன், வாருங்கள் என்று நான் எழுதினால் நம்பாதே. என் எழுத்து நன்றாக இருக்கும், அதுதான் ஆபத்து. பின்பக்கம் குக்கரின் எண்ணை எழுதியிருக்கிறேன், அவரைக் கேள். "உங்க வீட்டம்மா கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லிருவேன், உங்களுக்காகப் பரிஞ்சு பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். அவர் வேண்டாம் என்றால் நீயும் வேண்டாம் என்று சொல். நான் காரணம் கேட்கமாட்டேன். கேட்டாலும் சொல்லாதே.

குட்டியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் முடிவு. எடுத்து வைத்த பையை அவள் பிரிக்கும்போது பக்கத்தில் இரு. அப்பா போகவில்லையா என்று கேட்டால், போனார், தப்பான அறைக்குப் போனார், இப்போது வேறு அறைக்குப் போகிறார் என்று சொல்.

புதுப் பள்ளியில் யாராவது அவளிடம், உன் அப்பா எங்கே, ஏன் கூட வரவில்லை என்று கேட்பார்கள். அவளுக்கு எது சொன்னால் சுலபமோ அதைச் சொல்லிக்கொள்ளட்டும். வெளியூரில் வேலை என்றாலும் சரி. இல்லை, போய்விட்டார் என்றாலும் சரி. அவள் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் நான் வந்து திருத்தமாட்டேன். அவள் நன்றாக இருக்கட்டும். வாய்விட்டுச் சிரிக்கட்டும். அழவேண்டும்போல் இருந்தால் சத்தமாக அழட்டும்.

இப்படிக்கு,
குட்டியின் அப்பா